ஞாயிற்றுக்கிழமைச் சாட்சி

பாசியியல் கழகத்தின் பாய்லருக்கு முப்பத்தொரு வருடமாக நான்தான் பொறுப்பு. பாய்லர் மட்டுமில்லை. பூட்டு, பல்பு, குழாய், குளிர் அறை, மழை பெய்தால் மூன்றாவது மாடியில் ஒழுகும் இடத்தில் வைக்கிற வாளி, எல்லாம் என் கணக்கு. பெயர் எகோன் ரீமர். எங்கள் ஊர் வெல்லர்ஸ்டெட்டில் இந்தப் பெயர் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. ஏதாவது உடைந்தால் "அந்தாளைக் கூப்பிடு" என்பார்கள். நான் போவேன்.

அன்றன்று நடந்ததை அன்றன்றே ஒரு நீல அட்டை நோட்டில் எழுதிவைப்பது என் பழக்கம். தேதி, மணி, எத்தனை டிகிரி, என்ன உடைந்தது, யார் உடைத்தது. பக்கத்தைக் கிழிக்கமாட்டேன். தப்பாக எழுதினால் ஸ்கேல் வைத்து ஒரே ஒரு கோடு. வாலிபத்தில் ஒரு சலவைத் தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்த ஒருவன், மீட்டரைப் பார்க்காமலே 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டான். மறுநாள் காலை பாய்லரின் மூடி கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்ப் பக்கத்துத் தேவாலயத்தின் தோட்டத்தில் விழுந்தது. அன்றிலிருந்து நான் பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதுவதில்லை. இதற்கு யாரும் எனக்குப் பயிற்சி வகுப்பு வைக்கவில்லை. மூடி விழுந்த சத்தமே போதுமாக இருந்தது.

மேல்மாடியில் இருப்பவர்கள் பாசியை ஆராய்கிறார்கள். பேராசிரியர் குண்டெலாக் 2011-இல் பாசிக்கு நினைவாற்றல் உண்டு என்று கண்டுபிடித்துப் பெரிய மனிதரானவர். பாசியை மூன்று வாரம் குளிர் அறையில் நாலு டிகிரியில் வைத்தால், அடுத்த குளிர் வரும்போது அது பழைய குளிரை நினைத்துக்கொண்டு சீக்கிரமே துளிர்த்துவிடுமாம். வாங்கிப்போன ட்ரில்லைத் திருப்பித் தர என் மச்சானுக்கு வராத ஞாபகம் ஒரு பாசிக்கு வருகிறதென்றால் வந்துவிட்டுப் போகட்டும் என்று நான் விட்டுவிட்டேன்.

அவரிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவள் யோரிண்டே. அதே சோதனையை இன்னும் பெரிதாகச் செய்வது அவள் வேலை. பேராசிரியர் ஞாயிற்றுக்கிழமை தோறும் துளிர்களை எண்ணினார் என்பதால் அவளும் ஞாயிற்றுக்கிழமை தோறும் எண்ணினாள். எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஓர் ஆணி அடித்தால்கூடப் பக்கத்து வீட்டுக்காரன் போலீசுக்குப் போன் போடுவான். அன்றைக்கு வேலைக்கு வருகிறவனைப் பார்த்தால் ஜனங்கள் பாவமாகத் தலையை ஆட்டுவார்கள். ஆகவே கட்டடத்தில் இரண்டே பேர் இருப்போம். பாய்லரோடு நான், பாசியோடு அவள்.

ஆய்வு நோட்டுக்கு ஒரு விதி இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'படித்தேன், புரிந்துகொண்டேன்' என்று அச்சடித்திருக்கும். வேறொருவர் அதே நாளில் அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். மற்றவர்கள் மாதம் ஒருமுறை நாற்பது பக்கத்தை அடுக்கிவைத்து, காப்பி ஆறுவதற்குள் போட்டு முடிப்பார்கள். யோரிண்டே அப்படிப்பட்ட பெண் இல்லை. நோட்டைத் தூக்கிக்கொண்டு பாய்லர் அறைக்கு இறங்கி வருவாள்.

"ரீமர் சார், கட்டடத்துலே உங்களை விட்டா ஆள் இல்லே. ஒரு கையெழுத்து."

"என்னம்மா எழுதியிருக்கே?"

"பாசி எதையும் ஞாபகம் வெச்சுக்கலேன்னு எழுதியிருக்கேன்."

நான் பக்கத்தைப் படிப்பேன். புரியாது. 'புரிந்துகொண்டேன்' என்ற சொல்லின் மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போடுவேன். மேலே போய்ப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு வந்து இப்படி எழுதுவேன்: 'படித்தேன். புரியவில்லை. மணி 11:20. பெண் இருந்தாள். பெட்டி மூன்று. இரண்டாவது பெட்டி ஈரம் குறைவு. எ. ரீமர்.' இப்படி அறுபத்தொரு ஞாயிற்றுக்கிழமைகள்.

வினை அங்கேதான் வந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை யோரிண்டே பாய்லர் அறைக்கு வந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. விக்கல் மட்டும் எடுத்துக்கொண்டிருந்தது. கையில் முனைவர் பட்ட அலுவலகத்தின் கடிதம். அவள் வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். அன்றோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. ஒன்றாம் தேதி நார்வேயில் வேலையில் சேர வேண்டும். கடிதத்தில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: அறுபத்தொரு பக்கங்களில் சாட்சி போட்டிருக்கும் 'எ. ரீமர்' என்பவர் நல்ல அறிவியல் நடைமுறைப் பயிற்சி பெறாதவர். ஆகவே அந்தப் பக்கங்கள் செல்லாது. ஆகவே ஆய்வேடு செல்லாது.

"நாலு வருஷம் சார்," என்றாள். விக்கல். "நாலு வருஷம் பாசியோட உக்காந்திருந்தேன்."

"யாரும்மா இதைத் தோண்டி எடுத்தது?"

"புரொபசர்தான். அவரே எழுதிக் குடுத்திருக்காரு. விதிமேலே அக்கறையாம்."

அவருடைய பாசிக்கு ஞாபகம் இருந்தால் அவர் பெரிய மனிதர். இவளுடைய பாசிக்கு ஞாபகம் இல்லாவிட்டால் அவர் யார்? இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பயிற்சி வேண்டியிருக்கவில்லை.

இருவருமாக அலுவலகத் தலைவி கூஸே அம்மாளிடம் போனோம். கூஸே அம்மாள் கெட்டவர் இல்லை. விதியைத் தவிர வேறு எதையும் நம்பாதவர், அவ்வளவுதான்.

"வழி இருக்கு," என்றார் கூஸே. "விதி நாப்பத்தொண்ணு பி. அன்னிக்குக் கட்டடத்துலே இருந்தவர், பின்னாலே பயிற்சி எடுத்துக்கிட்டாலும், அவர் சாட்சி செல்லும். நாளைக்கு ஒரு பயிற்சி இருக்கு. அதை விட்டா நவம்பர்லேதான். ரீமர் சாரைச் சேத்துடட்டுமா?"

"சேருங்க," என்றேன்.

"யோரிண்டே, நீங்களும் வரணும். உங்க சர்டிபிகேட் காலாவதி ஆயிடுச்சு."

"நான் மொத வருஷமே பயிற்சி எடுத்தேனே மேடம்!"

"நேர்மைக்கு மூணு வருஷம்தான் ஆயுசு," என்றார் கூஸே, தயிர் டப்பாவைப் பற்றிப் பேசுவது போல.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணி. பயிற்சி அறைக்குக் குண்டூசிப் பலகைகள் ஆறையும் நானே தூக்கிப்போய் வைத்தேன். வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். பயிற்சியாளர் முனைவர் சிபில்லே டோர்ன், பலகை கொண்டுவந்தவன் இன்னும் ஏன் போகவில்லை என்று சிறிது நேரம் பார்த்தார். பட்டியலில் என் பெயர் இருந்ததைக் கண்டதும் முகம் மலர்ந்து, "பன்முகத்தன்மை! ரொம்ப சந்தோஷம்!" என்றார்.

அவரிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் வட்ட அட்டை, நீள அட்டை, மேகம் போல வெட்டிய அட்டை, நாலு நிறத்தில் இருந்தன. முதலில் தரையில் படங்களைப் பரப்பினார். அறிவியல் நேர்மையோடு எங்களுக்குள்ள உறவைக் காட்டும் படத்தை ஆளுக்கு ஒன்றாக எடுக்கச் சொன்னார். பதினாலு பேரும் குனிந்து பொறுக்கினோம். ஒருத்தி கலங்கரை விளக்கத்தை எடுத்தாள். ஒருவன் சூரியகாந்தியை எடுத்தான். நான் ஏணிப் படத்தை எடுத்தேன்.

"அருமை! ஏணி. நேர்மையாலே படிப்படியா மேலே ஏறுறோம், இல்லையா ரீமர் சார்?"

"இல்லைங்க. இந்த ஏணிக்குக் கொக்கி இல்லே. ஏறினவன் விழுவான்."

அதை மேக அட்டையில் எழுதிப் பலகையில் குத்திவைத்தார்.

அடுத்தது ஆசிரியர் வரிசைப் பயிற்சி. ஓர் ஆய்வுக் கட்டுரையில் யார் பெயர் முதலில், யார் பெயர் கடைசியில் என்று கற்றுக்கொள்ள, உருளைக்கிழங்கு சாலட் ஒன்றை எல்லாரும் சேர்ந்து செய்ததாக வைத்துக்கொள்ள வேண்டும். நான் கிழங்கை வேகவைத்தேன். யோரிண்டே நறுக்கினாள். உர்பான் ஹேகெலே என்ற தெற்கத்திப் பையன் கலக்கினான்.

"மயோனைஸ் ஊத்திக் கலக்கு," என்றாள் ஒருத்தி.

ஹேகெலே எழுந்துவிட்டான். "மயோனைஸா? எங்க ஊர்லே மயோனைஸ் ஊத்தினவன் வீட்டுலே பொண்ணு குடுக்கமாட்டாங்க. கறிச் சாறு, வினிகர். அவ்வளவுதான்!"

"அது சாலட் இல்லே, சூப்பு!"

"நீங்க சாப்பிடறது சாலட் இல்லே, சுவத்துக்குப் பூசுற சுண்ணாம்பு!"

முக்கால் மணி நேரம் போனது. அறை இரண்டாகப் பிரிந்தது. இரண்டு சாலட்டுகளுக்கு இரண்டு கட்டுரைகள், ஒன்றை மறுத்து இன்னொன்று. அப்போது கதவைத் திறந்துகொண்டு குண்டெலாக் வந்தார். கழகத்தின் அறிவியல் நேர்மைக் குறைதீர்ப்பாளர் அவர்தான். ஆய்வாளர்களுக்கு மேலிடத்தால் அநியாயம் நடந்தால் அவரிடம்தான் முறையிட வேண்டும்.

"சாலட் யாரு சமையலறையிலே ஆச்சு?" என்று கேட்டார்.

"கழகத்தோட சமையலறைன்னு வெச்சுக்கலாம் சார்," என்றார் டோர்ன்.

"அப்ப ரெண்டு கட்டுரையிலேயும் கடைசிப் பேரு என்னுது."

"கிழங்கு வேகவெச்சவன் பேரு எங்கே வரும்?" என்று கேட்டேன்.

"நன்றியுரையிலே," என்றார் அன்போடு. "எழுத்துப் பிழை இல்லாம."

பிறகு அவர் உரையாற்றினார். அதை நோட்டில் எழுதிக்கொண்டேன், சொல்லுக்குச் சொல்:

"இளம் நண்பர்களே! நேர்மைன்னா எனக்கு மூச்சு மாதிரி. எண்ணூத்தி நாப்பது கட்டுரையிலே என் பேரு இருக்கு. ஒவ்வொண்ணையும் நானே பாத்திருக்கேன், தலைப்பை மட்டுமாவது. சில பேரு கேக்கறாங்க, ரெண்டு நாளைக்கு ஒரு கட்டுரை எப்படி முடியும்னு. தூங்காம உழைச்சா முடியும். நான் தூங்கறேன், என் மாணவர்கள் உழைக்கறாங்க. இதுக்குப் பேருதான் கூட்டு முயற்சி. இங்கே இருக்கற விதிகள்லே பெருமையா நான் சொல்லிக்கறது நாப்பத்தொண்ணு பி. அதை நானே எழுதினேன். ஒரு விஞ்ஞானி அவசரத்துலே சாட்சிக் கையெழுத்து வாங்க மறந்துட்டா, அன்னிக்குக் கட்டடத்துலே இருந்த ஒருத்தர் பின்னாலே போட்டுக் குடுக்கலாம். ஏன்னா, உண்மைக்கு வயசே கிடையாது. பத்து வருஷம் கழிச்சுக் கையெழுத்துப் போட்டாலும் உண்மை உண்மைதான்!"

கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. எழுதிக்கொண்டிருந்தேன்.

மதியம் ரொட்டித் துண்டு, பாலாடைக்கட்டி, ஆளுக்கு அரை ஊறுகாய் வெள்ளரி. அதன்பின் நடிப்பு. என் கையில் ஓர் அட்டையைத் திணித்தார் டோர்ன். 'நீங்கள் ஆய்வு மாணவர். உங்கள் வழிகாட்டி எண்களை மாற்றச் சொல்கிறார். குறைதீர்ப்பாளரிடம் முறையிடுங்கள்.' குறைதீர்ப்பாளராகக் குண்டெலாக்கே நடித்தார். நடிக்க வேண்டியிருக்கவில்லை, உட்கார்ந்தாலே போதுமாக இருந்தது.

"ஐயா, எங்க வழிகாட்டி எண்ணை மாத்தச் சொல்றாரு," என்றேன்.

"கவலைப்படாதீங்க. நீங்க சொல்றது பரம ரகசியம். உங்க வழிகாட்டிகிட்டே மட்டும்தான் சொல்லுவேன்."

"வேறே யார்கிட்டே போறது?"

"மேல்முறையீட்டுக் குழு இருக்கு. அதுக்குத் தலைவர் நான்."

யோரிண்டே கையைத் தூக்கினாள். "சார், வழிகாட்டியும் குறைதீர்ப்பாளரும் ஒரே ஆளா இருந்தா?"

எல்லாருக்கும் தெரியும், அவளுடைய வழிகாட்டி யார் என்று.

குண்டெலாக் சிரித்தார். "அப்ப ரொம்ப வசதி. ஒரே அறையிலே முடிஞ்சிடும்."

டோர்ன் இதையும் வட்ட அட்டையில் எழுதி, 'குறுகிய வழிகள்' என்ற தலைப்பின் கீழே குத்தினார்.

மணி நாலு பத்து. கடைசிச் சடங்கு. ஆளுக்கு ஒரு புத்தகம்: 'நல்ல அறிவியல் நடைமுறைக்கான வழிகாட்டி', ஐம்பத்தெட்டுப் பக்கம். கூடவே ஒரு தாள். 'வழிகாட்டியை முழுவதும் படித்தேன், புரிந்துகொண்டேன்.' கீழே கையெழுத்துக்கு இடம். போட்டால் சான்றிதழ். பதின்மூன்று பேரும் இரண்டு நிமிடத்தில் போட்டார்கள். ஹேகெலே மட்டும் மூன்று நிமிடம். அவன் பேனாவில் மை தீர்ந்திருந்தது.

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்தேன்.

"ரீமர் சார், நீங்க படிக்கவேணாம்," என்றார் டோர்ன். "கையெழுத்துப் போட்டாப் போதும்."

"படிச்சேன்னு போட்டிருக்கே."

"அது ஒரு சம்பிரதாயம் சார்."

"படிக்காம படிச்சேன்னு போட்டா, அது என்னங்க?"

டோர்ன் பலகைகளைப் பார்த்தார். காலையில் அவரே எழுதிக் குத்திய நீள அட்டை அங்கே இருந்தது: 'செய்யாததைச் செய்ததாகக் காட்டுதல் = மோசடி'. அவர் பார்வையை ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டார்.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். பொய்யாக ஒரு கையெழுத்துப் போட்டால், நான் நேர்மையானவன் என்று சான்றிதழ் வரும், இந்தப் பெண்ணின் நாலு வருடம் பிழைக்கும். நேர்மையாக இருந்தால் நேர்மைச் சான்றிதழ் கிடையாது, இவள் நார்வேக்குப் போகமாட்டாள். குண்டெலாக் நாற்காலியில் சாய்ந்து, தேநீருக்குள் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு வழியிலும் லாபம். நான் பொய்ச் சாட்சி, அல்லது சாட்சியே இல்லை.

யோரிண்டேயைப் பார்த்தேன். போட்டுவிடுங்கள் என்று அவள் கண்ணால் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவள் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டாள். என் கோப்பையில் காப்பி ஊற்றினாள்.

"படிங்க சார்," என்றாள். விக்கல் நின்றிருந்தது.

நான் உரக்கப் படித்தேன். "'அறிவியல் நேர்மை என்பது நேர்மையான அறிவியலாளர்கள் தம் அறிவியலில் நேர்மையாகக் கடைப்பிடிக்கும் நேர்மையாகும்.' இதுக்கு என்னங்க அர்த்தம்?"

டோர்ன் குண்டெலாக்கைப் பார்த்தார். குண்டெலாக் பிஸ்கட்டைப் பார்த்தார். அது உடைந்து தேநீருக்குள் விழுந்திருந்தது.

"அதைக் குழு எழுதினது," என்றார்.

"எழுதினவங்க பட்டியல்லே உங்க பேரு கடைசியிலே இருக்கே?"

"கடைசியிலே இருந்தா நான் எழுதலேன்னு அர்த்தம்யா! காலையிலே இருந்து இதைத்தானே சொல்லிக் குடுத்துக்கிட்டிருக்கோம்!"

ஹேகெலே சிரித்த சிரிப்பில் ஒரு பலகை சாய்ந்தது. நான் நிறுத்தவில்லை. இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம். 'பங்களிப்பு என்பது பங்களிப்பாகக் கருதப்படத் தக்க பங்களிப்பு.' பதின்மூன்று பேரையும் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. கலங்கரை விளக்கக்காரி மட்டும், "நான் இப்பத்தான் கையெழுத்துப் போட்டேன், எனக்குப் புரிஞ்சிருக்கணும்," என்று சொல்லிவிட்டு விரலைக் கடித்துக்கொண்டாள்.

நாலு ஐம்பதுக்கு நாலாம் பக்கத்தின் கடைசிக்கு வந்தேன்.

"சார், அஞ்சு மணிக்கு அறையைப் பூட்டணும்னு சொன்னாங்களே," என்றார் டோர்ன்.

"ஆமாங்க. பூட்டறது நான்தான். ஆள் உள்ளே இருந்தா தீ விதிப்படி எழுதிவைக்கணும். எழுதிவைக்கறேன். மீதி அம்பத்துநாலு பக்கம். இந்த வேகத்துலே போனா நாளைக்குச் சாயங்காலம் முடியும்."

டோர்னுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்பது வருடமாக அவர் வகுப்பில் எல்லாரும் தேறியிருக்கிறார்களாம். "என்னதான் எழுதுவீங்க ரீமர் சார்? எதையாவது எழுதிக் கையெழுத்துப் போடுங்க. என் படிவத்துலே கையெழுத்து இருக்கு, இல்லேங்கற ரெண்டு கட்டம்தான் இருக்கு. என்ன எழுதியிருக்குன்னு கட்டம் இல்லே."

"எப்பவும் எழுதறதை எழுதறேன்."

ஸ்கேலை எடுத்து, 'முழுவதும்', 'புரிந்துகொண்டேன்' இரண்டின் மேலும் ஒவ்வொரு கோடு போட்டேன். 'நாலு பக்கம் படித்தேன். புரியவில்லை. கூட இருந்தவர்களுக்கும் புரியவில்லை. எழுதியவருக்கும் புரியவில்லை. மணி 4:52. எ. ரீமர்.'

டோர்ன் 'கையெழுத்து இருக்கு' என்ற கட்டத்தில் குறி போட்டார். சான்றிதழ் கொடுத்தார். 'மிகச் சிறந்த ஈடுபாட்டுடன்' என்று அதில் முன்பே அச்சடித்திருந்தது.

அப்போது ஹேகெலே, "என் தாளைத் திருப்பிக் குடுங்க மேடம்," என்றான். பிறகு கலங்கரை விளக்கக்காரி. பிறகு சூரியகாந்தி. என் ஸ்கேல் கைமாறிக் கைமாறி அறையைச் சுற்றிவந்தது. திரும்பி வந்தபோது ஓரமெல்லாம் மை.

புதன்கிழமை காலை பாய்லர் அறை வாசலில் ஒன்பது ஆய்வு மாணவர்கள் நோட்டோடு நின்றார்கள். புரியவில்லை என்று எழுதுகிற ஒரே சாட்சி நான்தானாம். என் கையெழுத்து இருந்தால் மற்றது எல்லாம் உண்மையாகப் படுமாம். பாய்லரில் நீர் அளவைப் பார்க்கவே எனக்கு நேரமில்லாமல் போயிற்று. ஒருவன் பிறந்தநாள் வாழ்த்து அட்டையைக் கொண்டுவந்தான். திருப்பி அனுப்பினேன்.

கூஸே அம்மாளின் அலுவலகத்தில்தான் திருப்பம் வந்தது. அவர் விதியை மேலும் படித்துவிட்டார். யோரிண்டேயின் அறுபத்தொரு பக்கமும் இப்போது சாட்சியுள்ள பக்கங்கள். அவை சொல்வதற்கு நேர் எதிராகச் சொல்லும் பேராசிரியரின் 2011 நோட்டில் ஒரு சாட்சியும் இல்லை. விதி நாற்பத்திரண்டு: இரண்டு நோட்டுகள் முரண்பட்டால் சாட்சியுள்ளது நிற்கும், மற்றது விழும். வெள்ளி பத்து மணிக்குள் நாற்பத்தொன்று பி-யின்படி பேராசிரியர் தன் நோட்டுக்குச் சாட்சி வாங்கிவந்தால், இரண்டும் நிற்கும். அப்படி நின்றால் ஆய்வேடு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகும், குழு நவம்பரில்தான் கூடும். குழுத் தலைவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

2011-இன் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பேராசிரியரைத் தவிரக் கட்டடத்தில் இருந்தவர், இப்போது பயிற்சியும் பெற்றவர், உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான்.

வியாழக்கிழமை மூன்று மணிக்குப் பேராசிரியர் பாய்லர் அறைப் படியில் இறங்கி வந்தார். முப்பத்தொரு வருடத்தில் முதல் முறை. தலை குழாயில் இடித்தது.

"எகோன்!" என்றார். "எத்தனை வருஷப் பழக்கம் நமக்குள்ளே. இன்னும் என்ன நீங்க, வாங்க, போங்கன்னு? இனிமே நீ, வா, போன்னே பேசிக்கலாம். நான் ஃபோல்க்மார்."

"வேணாம் சார். முப்பத்தொரு வருஷமா 'அந்தாளு'. பழகிப்போச்சு."

அவர் நோட்டைத் திறந்து பாய்லர் மேல் வைத்தார். "மூணே மூணு பக்கம். பிப்ரவரி ஆறு, பதிமூணு, இருபது. ஞாயித்துக்கிழமை. நீங்க கட்டடத்துலே இருந்தீங்க இல்லையா?"

"இருந்தேன்."

"அப்ப ஒரு கையெழுத்து. புரியலேன்னுகூட எழுதுங்க, நான் தப்பா நினைக்கமாட்டேன். இப்ப அதுதானே மதிப்பு!"

"இருங்க சார். பாத்துட்டுப் போடறேன்."

அலமாரியிலிருந்து 2011-இன் நீல நோட்டை எடுத்தேன். தூசி தட்டினேன். அவருடைய பக்கத்தையும் என் பக்கத்தையும் அருகருகே வைத்துப் படித்தேன். அவர் பக்கத்தில் மூன்று ஞாயிறும் 'குளிர் அறை: 4 டிகிரி'. என் பக்கத்தில் இது:

'பிப். 3. குளிர் அறை கம்ப்ரஸர் எரிந்துவிட்டது. டென்மார்க்கிலிருந்து வர வேண்டும். வெளி மீட்டரின் முள் நாலில் சிக்கி நிற்கிறது. பழுது என்று சீட்டு ஒட்டினேன். பிப். 6, ஞாயிறு. குளிர் அறைக்குள் 19 டிகிரி. கோஸ் புளிக்கவைக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஜாடியை உள்ளே வைத்தேன். பிப். 13, ஞாயிறு. 19 டிகிரி. கோஸ் நன்றாகப் பொங்குகிறது. பேராசிரியர் கு. கதவுக்கு வெளியே நின்று என்ன நாற்றம் என்று கேட்டார். உள்ளே வரவில்லை. பிப். 20, ஞாயிறு. 19 டிகிரி. கோஸ் தயார். பிப். 28. கம்ப்ரஸர் வந்தது.'

படித்துக் காட்டினேன்.

"அந்தச் சீட்டா?" என்றார், குரல் இறங்கி. "யாரோ வெளையாட்டுக்கு ஒட்டினதுன்னு நெனச்சேன்."

"கதவைத் திறந்து பாக்கலையா சார்?"

"நாத்தம் அடிச்சுதே!" என்றார். "அது... அந்தக் கோஸ்... விருந்துலே நீங்க கொண்டுவந்தீங்களே, அதா?"

"ரெண்டு தட்டு சாப்பிட்டீங்க. அதுவும் எழுதியிருக்கு."

அவர் கவிழ்த்துவைத்த வாளியின் மேல் உட்கார்ந்தார். "அப்ப என் பாசி எதைத்தான் ஞாபகம் வெச்சுக்கிச்சு?"

"குளிரை இல்லைங்க. குளிரே இல்லையே."

அவர் நோட்டை இழுக்கப் பார்த்தார். நான் கையை அதன் மேல் வைத்தேன். சாட்சிக்குக் கொடுத்த பக்கத்தைச் சாட்சி போடாமல் திரும்பப் பெறக் கூடாது. அந்த நாற்பத்தொன்று பி-யிலேயே இருக்கிறது, எழுதியவர் அவர்.

மூன்று பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். ஸ்கேலை எடுக்கவில்லை. 'படித்தேன், புரிந்துகொண்டேன்.' இரண்டு சொல்லையும் அச்சடித்தபடியே விட்டேன். என் வாழ்நாளில் அதுவே முதல் தடவை. கீழே எழுதினேன்: 'உள்ளே 19 டிகிரி. நான் உள்ளே போய்ப் பார்த்தேன். எ. ரீமர்.'

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பேராசிரியரின் நோட்டும் என் 2011 நோட்டும் கூஸே அம்மாளின் மேசைக்குப் போயின. அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். "சாட்சி இருக்கு, ஆனா நாலு டிகிரி இல்லேன்னு சொல்ற சாட்சி. புரொபசர் நோட்டு விழுந்துடுச்சு," என்றார். பதினொன்றரைக்கு யோரிண்டே ஆய்வேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றாள், ஐந்து பிரதிகள். குண்டெலாக் முன்பே வந்து, நின்றபடி எதையோ சொல்லி எழுதவைத்துக்கொண்டிருந்தார்.

"எழுதுங்க. நாப்பத்தொண்ணு சி. ஆய்வுக்குரிய இடத்துலே முட்டைக்கோஸ் வைத்திருந்தவர், அவ்விடம் பற்றிச் சாட்சி சொல்லத் தகுதியற்றவர்."

கூஸே அம்மாள் ஒரு சொல் விடாமல் எழுதினார். தேதி போட்டார். முத்திரை குத்தினார். பிறகு காலண்டரைப் பார்த்தார்.

"புது விதி திங்கக்கிழமையிலே இருந்துதான் செல்லும் சார். இன்னிக்கு வெள்ளி."

"அம்மா, நான் குறைதீர்ப்பாளர்!"

"அதனாலேதான் உடனே முத்திரை குத்தினேன். மத்தவங்களுக்கு ஒரு மாசம் ஆகும்." அவர் கையை நீட்டினார். "யோரிண்டே, குடுங்க."

அஞ்சு பிரதி. அஞ்சு முத்திரை. ஐந்தாவதற்கு மை போதவில்லை. கூஸே அம்மாள் இன்னொரு தரம் அழுத்திக் குத்தினார். யோரிண்டேக்கு மறுபடியும் விக்கல் வந்துவிட்டது.

நான் பாய்லர் அறைக்கு இறங்கி, நீல நோட்டை எடுத்து அன்றைய வரியை எழுதினேன்:

'வெள்ளி. பாய்லர் 62 டிகிரி. மூன்றாம் மாடி வாளி காலி. மணி 11:57. யோரிண்டே கொடுத்துவிட்டாள். பார்த்தேன்.'